நீ கேள்விக்குறியாக்கிய நம் மனிதர்கள்

கார்த்தி,

நீ நலமாகத்தான் இருப்பாய். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு "எல்லாம் நல்லா போய்ட்டிருக்காம்மா?" என்று கேட்கிறவன் வேறு எப்படி இருப்பான்? இங்கே எதுவும் நன்றாகப் போகவில்லை. அதைப் போனில் சொல்ல வாயைத் திறந்தால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். மெயில் அனுப்பினால் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் படிக்கிறேன் என்கிறாய். நான் அனுப்பியவற்றில் நீ நட்சத்திரம் போட்டது எத்தனை, படித்தது எத்தனை என்று நீ கட்டிக்கொள்ளப் போகிற நிவேதாவிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டியதில் மிஞ்சிய தாள் இது. கூரியரில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்ற இடத்திலேயே கடைசி வரை படி. கடைசியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

போன மாதம் நீ வந்தபோது எனக்குப் புது லேப்டாப் வாங்கி வந்தாய். சந்தோஷம். பிள்ளை சம்பாதித்து வாங்கிக் கொடுத்தது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. "இந்தப் பழைய டப்பாவ இன்னும் எத்தன நாள் வச்சிருப்பீங்க? ஃபேன் சத்தம் கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் மாற்றினாய். மெயிலை ஒரு வெளி டிஸ்கில் போட்டாய். முகவரிப் புத்தகத்தைத் தனியாக ஒரு கோப்பாக எடுத்தாய். அதைப் புது லேப்டாப்பில் ஏற்றினாய். "எல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்மா, உங்க போன்ல இருக்கறதெல்லாம் பாதி டூப்ளிகேட்" என்று சொல்லி, போனில் இருந்ததைத் துடைத்துவிட்டு அதிலும் இதையே ஏற்றினாய். பிறகு பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்குகிற கடையில் கொடுத்துவிட்டு, ராத்திரி ரயிலைப் பிடித்துப் போய்விட்டாய். வாசலில் நின்று டாட்டா காட்டினேன். எனக்கு என்ன தெரியும்?

நான் பெயர்களை எப்படிச் சேமித்து வைப்பேன் என்பது உனக்குத் தெரியும், நீதான் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாய். காலம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழில் அச்சு கோத்த கை இது; ஆங்கிலத்தில் பெயர் அடிக்க எனக்கு வராது, பிடிக்கவும் பிடிக்காது. நம் ஜனங்களுக்குக் குடும்பப் பெயரா இருக்கிறது, அதை வைத்துப் பிரிக்க? ஒரு முதலெழுத்து, ஒரு பெயர். எத்தனை சுப்பிரமணியன், எத்தனை லட்சுமி! அதனால்தான் 'வள்ளியூர் அத்தை', 'கோபாலபுரம் பேரம் பேசாத டாக்டர்', 'மூணு தடவ திருத்தச் சொன்ன ஆழ்வார்பேட்டை மாமா', 'பேப்பர் கடை பாய்' என்று நம் சௌகரியத்துக்குப் போட்டு வைத்திருந்தேன். மயிலாப்பூரில் அந்தச் சந்துக்குள் பத்திரிகைக் கடை போட்டதிலிருந்து சேர்ந்த மனிதர்கள். வாடிக்கைக்காரர்களும் சொந்தக்காரர்களும் ஒரே புத்தகத்தில் கலந்து கிடந்தார்கள். எனக்கு அவர்களைப் பிரித்துப் பார்க்க என்றைக்கும் தோன்றியதில்லை.

நீ போன மறுநாள் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். முதல் பத்திரிகை பிள்ளையாருக்கு வைத்தாயிற்று, அடுத்தது உன் தாய்மாமாவுக்கு. மூன்றாவதை யாருக்கு எழுதலாம் என்று புது லேப்டாப்பைத் திறந்தால், முதலில் கேஸ் ஏஜென்சி, ஏசி மெக்கானிக், பேங்க் என்று ஆங்கிலத்தில் இருந்த ஐந்தாறு பெயர்கள். அவை நீயே எப்போதோ போட்டுக் கொடுத்தவை. அதற்குக் கீழே முழுக்கக் கேள்விக்குறி. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. நாலு கேள்விக்குறி, ஒரு இடைவெளி, ஆறு கேள்விக்குறி, எதிரில் ஒரு போன் நம்பர். நம்பரெல்லாம் பத்திரமாக இருந்தன. ஆட்கள்தான் இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே கேள்விக்குறி. ஊர்ப்பட்ட கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவள், சொந்தப் பிள்ளையின் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் மேல் வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது, பத்திரிகைத் தாள் அழுக்காகும்.

உனக்குப் போன் செய்தேன். "காப்பி எடுத்தேன்மா, நல்லா பாத்தேன்மா" என்றாய். என்ன பார்த்தாய்? மேலே இருந்த ஐந்தாறு ஆங்கிலப் பெயர்கள் சரியாக இருந்தன, அதைப் பார்த்தாய். விரலால் ஒரு தள்ளுத் தள்ளிக் கீழே பார்க்க உனக்கு நேரமில்லை. "அப்ப பழைய கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, வாங்கிட்டு வரேன்" என்றேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அதுல ஒண்ணும் இருக்காதும்மா. யாரும் எடுத்துடக் கூடாதுன்னு சுத்தமா அழிச்சிட்டுத்தான் குடுத்தேன்." அதைப் பெருமையாகச் சொன்னாய்! அழிப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை நகல் எடுப்பதில் காட்டியிருக்கக் கூடாதா? ஊரில் இருக்கிற கம்பெனிகளின் தகவலையெல்லாம் தொலையாமல் காப்பாற்றுவதுதான் உன் உத்தியோகம் என்று உன் மாமனாரிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார், பாவம்.

சரி, மற்றவர்களைக் கூட ஒருவழியாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கவலை ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். ஆட்டோ தாஸ். அவருடைய நம்பரை 'ஆட்டோ தாஸ் மாப்பிள்ளை வண்டி' என்று போட்டு வைத்திருந்தேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் விளக்குகிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய் என்று எனக்குச் சந்தேகம். அபிராமபுரத்திலிருந்து கோபாலபுரத்துக்கு உன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் அவர். ஒன்றாம் வகுப்பில் ஏறினாய், மீசை முளைக்கிற வரை அதே வண்டி. மற்ற பிள்ளைகள் பின்னால் நெருக்கியடித்து உட்கார, நீ மட்டும் அவர் சீட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் உட்காருவாய். ஹார்னை நீதான் அடிப்பாய். ஒருநாள் இறங்கும்போது என் எதிரிலேயே அவர் சொன்னார்: "நைனா, உன் கண்ணாலத்துக்கு மாப்ள வண்டி நான்தான் ஓட்டுவேன், இன்னா?" நீ அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அந்த மனிதர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்குப் போன் செய்து, வாழ்த்துச் சொன்ன கையோடு, "தம்பிக்கு எப்ப மேடம்?" என்று கேட்பார்.

நீ ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டும் வண்டிக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் எவனோ ஒருவனுடைய பிறந்தநாள் கேக்குக்காக ஆழ்வார்பேட்டைக்கு அவன் பின்னாலேயே நடந்து போய்விட்டாய். தாஸ் மற்ற பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, தெருத் தெருவாக வண்டியை உருட்டி, யார் யாரையோ கேட்டு, உன்னைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் வாசலில் பத்ரகாளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவர் உன்னைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு, "வண்டி பஞ்சர் மேடம், லேட் ஆயிடிச்சி" என்றார். நான் நம்பினேன். இனிமேல் டயரை ஒழுங்காகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரையே நாலு வார்த்தை கேட்டேன். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனார். நீ காலேஜ் போன பிறகுதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே நிஜத்தைச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் கூப்பிட்டபோது அந்தப் பஞ்சரைப் பற்றிக் கேட்டேன், அவர்தான் சிரித்தார்.

ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீடுகளை இடித்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள் இல்லையா, அப்போது அவருடைய பழைய நம்பரும் போய்விட்டது. அவராகவே ஒருநாள் புது நம்பரிலிருந்து கூப்பிட்டார். "சேவ் பண்ணிக்கோங்க மேடம், தம்பி கண்ணாலத்துக்கு கூப்புடணும்ல" என்றார். அவர் லைனில் இருக்கும்போதே அடித்துச் சேமித்தேன். அவர் வாழ்க்கையில் நம்மிடம் கேட்டது அது ஒன்றுதான். அதைத்தான் நீ கேள்விக்குறியாக்கினாய்.

சரி, தேட ஆரம்பித்தோம். யார் யார் என்று தெரியாத நம்பருக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து பத்திரிகைக்கு ஆள் பிடிப்பது என்ன வேலை என்று உனக்குத் தெரியாது. "நீங்க யாரு?" என்று கேட்க முடியுமா? நம் ஆட்களிடம் அதைக் கேட்டால் செத்தாலும் மறக்க மாட்டார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். "நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? பெரியவன் என்ன பண்றான்?" என்று தொடங்குவேன். யார் வீட்டிலும் ஒரு பெரியவன் இருப்பான். அவர்கள் பேசப் பேச, குரலையும் பெரியவன் செய்கிற வேலையையும் வைத்து ஆளைப் பிடித்துவிடுவேன். பாதிப் பேர் இப்படிச் சிக்கினார்கள். ஒருவர் மட்டும், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைக்கா" என்றார். நமக்கு அட்டை வெட்டித் தருகிற பையன்! பெண் பார்த்துப் பார்த்து நொந்துபோனவனிடம் போய்ப் பெரியவனை விசாரித்திருக்கிறேன்.

வாட்ஸாப்பில் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று உன் அப்பா யோசனை சொன்னார். பார்த்தோம். பாதிப் பேர் முருகன். மிச்சத்தில் பாதி ரோஜாப்பூ. பேரன் பேத்தி படம் வைத்திருக்கிறவர்களைக் கூட ஒருமாதிரி ஜாடை வைத்துப் பிடித்தோம். அப்புறம் "நீ சுத்தி வளைக்கிற, குடு இங்க" என்று சொல்லி உன் அப்பா என் போனை வாங்கினார். ஒரு நம்பரைப் போட்டு, எடுத்த எடுப்பில் "ஹலோ, யாரு பேசறது?" என்றார். அது வள்ளியூர் அத்தை, அவருடைய சித்தப்பா மகள். அந்தம்மா "எண்ணே, என் குரல் கூட மறந்துபோச்சா? பிள்ளைக்கு கல்யாணம்னதும் நாங்கல்லாம் யாருன்னு கேக்க ஆரம்பிச்சிட்டியளோ?" என்று அழத் தொடங்கினார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தென்மாவட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. அவரைச் சமாதானம் செய்ய உன் அப்பா வள்ளியூருக்கே நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதற்கும் நீதான் காரணம் என்று எழுதி வைத்துக்கொள்.

கடைசியில் நிவேதாவைக் கூப்பிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னாலேயே மருமகளை வேலை வாங்குகிறேனே என்று. தி.நகரில் ஜாக்கெட் வாங்கப் போனவள் அப்படியே கடைக்கு வந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "அத்தை, பழசக் குடுக்கறதுக்கு முன்னாடி நகலத் தெறந்து கடைசி வரைக்கும் பாத்தாரா?" எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கோப்பைச் சேமிக்கும்போது எந்த எழுத்துமுறையில் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்குமாம். நீ எதையும் பார்க்காமல் சரி, சரி என்று தட்டியிருக்கிறாய். அது ஆங்கிலம் மட்டும் தெரிந்த முறை. தனக்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒவ்வொரு கேள்விக்குறி வைத்துவிட்டது. "கேள்விக்குறிய திரும்ப எழுத்தா மாத்த முடியாது அத்தை, அது அங்கயே தொலைஞ்சுபோச்சு" என்று தன் தப்பு போல மெதுவாகச் சொன்னாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் மெயில் தப்பித்துவிட்டது. அதை நீ கோப்புறையோடு அப்படியே தூக்கி வெளி டிஸ்கில் போட்டிருந்தாய், 'அம்மா ஃபைனல் நியூ ஃபைனல்' என்ற பெயரில். அதே மெயில் மென்பொருளைப் புது லேப்டாப்பில் போட்டு, டிஸ்கிலிருந்த கோப்புறையை அது தேடுகிற இடத்தில் வைத்து, திறந்து காட்டினாள். பழைய மெயில் அத்தனையும் தமிழோடு வந்து நின்றது. பத்திரிகை வாசகம் திருத்தி அனுப்பியவர்கள் எல்லோரும் அடியில் பெயரும் நம்பரும் போட்டிருந்தார்கள். வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோரை அதை வைத்து மீட்டுவிட்டோம். எப்படிச் செய்வது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் கற்றுக் கொடுத்தாள். நான் கேட்டதையே திரும்பக் கேட்டேன். அவள் ஒரு தடவை கூட "அம்மா, மீட்டிங்" என்று சொல்லவில்லை. உனக்கு நான் கொடுக்கிற கல்யாண அறிவுரை இதுதான்: அவள் ஒன்று சொல்லும்போது 'சரி, சரி' என்று தட்டிவிட்டுப் போகாதே. அவள் என்ன கேட்டாள் என்று படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல். முதல் நாலு வரி நன்றாக இருக்கிறது என்று மிச்சத்தையும் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பாவும் இந்த ரகம்தான். அவரோடு குடித்தனம் செய்தவள் சொல்கிறேன்.

இத்தனை பேரை மீட்டும் தாஸ் கிடைக்கவில்லை. அவர் மெயிலும் அனுப்ப மாட்டார், வாட்ஸாப்பும் கிடையாது. லஸ் முனை ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டேன். எல்லாம் புது முகங்கள். ஒருவர் மட்டும், "பழைய தாஸ் அண்ணனா? இப்ப கார் ஓட்டுறாருன்னு கேள்வி. நம்பர் தெர்லக்கா" என்றார். ஆற்றோரம் போய்ப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருக்கிறது. மிச்சம் இருந்த கேள்விக்குறிகளில் அவர் எங்கேயோ இருந்தார். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. யார் என்னைக் கூப்பிட்டாலும் போனில் கேள்விக்குறிதான் வரும் இல்லையா? கடையில் ஆள் இருக்கும்போது எடுத்துப் பேசவே பயம். யாரென்று தெரியாமல் வழிந்துகொண்டு நிற்க வேண்டும். அதனால் பல அழைப்பை எடுக்காமல் விட்டேன். அப்புறம் நாமே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு நம்பர் தினம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வரும். விடாமல் அடிக்கும். திருத்திப் பார்க்க ப்ரூஃப் கேட்டு நச்சரிக்கிற எவரோ என்று முடிவு செய்து நான் மோர்சாதத்தை முடிப்பேன். போன செவ்வாய்க்கிழமை மறுபடி அடித்தது. கை கழுவிவிட்டு எடுத்து, வழக்கம் போல "நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"இன்னா மேடம், நானும் தெனம் அடிச்சிக்கினே கீறேன், எடுக்கவே மாட்டேன்றீங்க?"

கார்த்தி, அந்தக் குரலைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரியவன் வேண்டியிருக்கவில்லை. "தாஸ்! எங்க இருக்கீங்க, உங்களத்தான் தேடிக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"தம்பிக்கு கண்ணாலமாம். நம்ப வண்டில வந்த பசங்க வூட்டுக்கெல்லாம் பத்திரிக வந்துச்சாம், சொன்னாங்கோ. சரி, மேடம் மறந்துட்ச்சி, ஞாபகப்படுத்தலாம்னுதான் மொத நாள் அடிச்சேன். எடுக்கல. அடுத்த நாள் அடிச்சேன். அப்பால புரிஞ்சிக்கினேன். பரவால்ல மேடம். பெரிய எடம், ஆயிரம் இருக்கும். தம்பிய நான் விசாரிச்சேன்னு சொல்லுங்கோ, அது போதும். அன்னிக்கி ஒரு சவாரி வந்துது, தம்பி கண்ணாலம்னு வேணாம்னு வச்சிருந்தேன். அத ஒத்துக்கலாமான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்."

நான் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். நீ லேப்டாப் வாங்கி வந்ததை, பெயரெல்லாம் கேள்விக்குறியானதை, அவர் பெயர் எதிரில் என்ன எழுதி வைத்திருந்தேன் என்பதை, ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்ததை, ஆற்றோரம் போனதை. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, அது எப்படி இருக்கிறது என்று. எல்லோர் பெயரும் போய்விட்டதாம், கேள்விக்குறி வந்துவிட்டதாம், நம்பர் மட்டும் அப்படியே இருக்கிறதாம். யார் நம்புவார்கள்? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கோபமாகக் கூட இல்லை.

"இன்னா மேடம், அன்னிக்கி நான் பஞ்சருன்னு சொன்னேன்ல, அந்த மாதிரி கீது."

அன்றைக்கு உன்னைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னார், நான் நம்பினேன். இன்றைக்கு நான் சொன்னது அத்தனையும் நிஜம், அவர் நம்பவில்லை. நம்பாததில் அவர் மேல் என்ன குற்றம்? "நீங்கதான் மாப்பிள்ள வண்டி ஓட்டணும் தாஸ், அந்த சவாரிய ஒத்துக்காதீங்க" என்று கெஞ்சினேன். "பாக்கலாம் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நம் ஊரில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வைத்த பிறகு கடையில் உட்கார்ந்து அழுதேன். பத்திரிகைக்கு மஞ்சள் தடவ வந்த வாடிக்கைக்காரி, பிள்ளையைப் பிரியப் போகிற துக்கம் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னாள். போடி, என்று சொல்ல வாய் வரை வந்தது.

உடனே நானே பெரும்பாக்கத்துக்குக் கிளம்பினேன். உன் அப்பாதான் நிறுத்தினார். வாழ்க்கையில் அவர் சொன்னவற்றில் நான் ஒப்புக்கொண்டவை குறைவு, இது அதில் ஒன்று. "நீ போனா சமாதானம் பண்ண வந்த மாதிரி இருக்கும். சத்தியம் பண்ணது அவன். அவன் போகட்டும்" என்றார். அப்புறம் தி.நகருக்குப் போய் நிவேதாவின் அப்பாவிடம் பேசினேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி அவர்கள் ஏற்பாடு. ஓட்டுகிறவர் நம் ஆள் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீயும் கேட்கக் கூடாது.

கடைசியாக பேக்கப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ "அம்மா, நான் ரிமோட்ல பாத்துக்கறேன்" என்று ஆரம்பிப்பாய். நீ பார்த்துக்கொள்ள வேண்டாம். போதும் நீ பார்த்தது. அமாவாசைக்கு அமாவாசை கடை வாசலில் பூசணிக்காய் உடைப்போம் இல்லையா, இனி அன்றைக்கே மெயிலும் முகவரியும் நகல் எடுப்பது என்று வைத்துவிட்டேன். மறக்காது. ஒரு டிஸ்க் கடையில், ஒன்று வீட்டுப் பீரோவில். எடுத்ததும் கடை கம்ப்யூட்டரில் பார்த்து மூடிவிட மாட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போய் உன் அப்பாவின் கம்ப்யூட்டரில் திறந்து, மேலே ஒரு பெயர், நடுவில் ஒரு பெயர், கடைசியில் ஒரு பெயர் தமிழில் வருகிறதா என்று பார்ப்பேன். இந்த அமாவாசைக்கு வந்தது. வள்ளியூர் அத்தை கடைசிப் பக்கத்தில் இருந்தார். உன் அப்பா அவர் பெயரைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது உன் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறு. சனிக்கிழமை காலை குளித்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, கடைக்கு வா. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்திருப்பேன். பத்திரிகையில் அவர் பெயரை நான் எழுதவில்லை, இடம் விட்டிருக்கிறேன். நீ எழுது. நம்பர் என்னிடம் இருக்கிறது. பெரும்பாக்கத்தில் எந்தக் கட்டடம் என்று தெரியாது. கீழே நின்று போன் செய், எடுக்கவில்லையென்றால் எடுக்கிற வரை செய். அவர் எனக்குச் செய்தது போல. நிவேதாவும் வருகிறேன் என்கிறாள், கூட்டிப் போ.

போனதும் காலில் விழுந்து பத்திரிகை கொடு. சாக்கு ஒன்றும் சொல்லாதே, நான் சொன்ன நிஜமே சாக்கு மாதிரிதான் இருந்தது. என் போனைத் தருகிறேன், அதை அவர் கையில் கொடு. அவருடைய நம்பரை மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை. அந்தக் கேள்விக்குறிகளை அவரே தன் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார், அந்தக் காலத்தில் சீட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாயே, அப்படி. அவர் பார்க்கப் பார்க்க, அவர் பெயரைத் தமிழில் அடி. பெயருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வண்டி என்றும் போடு. சேமி. மூடு. மூடிவிட்டு, நல்ல பிள்ளையாக, மறுபடி திறந்து அவரிடம் காட்டு.

அம்மா